பெயர் பத்து, குடும்பம் ஒன்று

பூங்காவோ திடலோ புதிதாகத் திறக்கப்படும்போது மேடையில் தவறாமல் ஒரு கணக்கு வாசிக்கப்படும்: இத்தனை நூறு மரக்கன்றுகள் நடப்பட்டன என்று. கைதட்டலும் கிடைக்கும். அந்த இத்தனை நூறில் எத்தனை வகை, எல்லாம் ஒரே ஆண்டில் நட்டவையா, ஒவ்வொன்றின் வேருக்கும் எவ்வளவு மண் விட்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல மேடையில் ஆள் இருக்கமாட்டார். முப்பது ஆண்டு கழித்து அந்த இடத்தில் நிழல் இருக்குமா என்பது இந்தக் கேள்விகளைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தனி மரத்துக்கு நோய் வந்தால் மருந்து அடிக்கலாம், பட்ட கிளையைக் கழிக்கலாம், முட்டுக் கொடுக்கலாம். ஒரே வகை மரங்களால் நிரப்பிய ஒரு சதுக்கத்துக்கு நோய் வந்துவிட்டால் அறுவை இயந்திரத்தை வரவழைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. பல வகை மரங்களைக் கலந்து நடுவதை, பறவைகளுக்காகவும் பார்வைக்காகவும் செய்யும் ஒரு கூடுதல் உபகாரமாகவே பலரும் நினைக்கிறார்கள். மரங்களின் ஆரோக்கியத்துக்கே அதுதான் முதல் நிபந்தனை என்பது என் வாதம். அதோடு, நம் ஊர்களில் கலப்பு என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் பாதி கலப்பே இல்லை.

இந்த வாதத்துக்கு மிகப் பெரிய சாட்சி எல்ம் மரம். இங்கிலாந்தின் வயல்வரப்புகளிலும் ஊர்த் திடல்களிலும் அமெரிக்கச் சிறுநகரங்களின் தெருக்களிலும் பந்தல் போட்டதுபோல் நின்ற மரம் அது. முதல் உலகப் போர்க்காலத்தை ஒட்டி ஐரோப்பாவில் எல்ம்கள் வாடத் தொடங்கின. காரணம் ஒரு பூஞ்சை என்று 1920களின் தொடக்கத்தில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதற்குப் பரிசாக ‘டச்சு எல்ம் நோய்’ என்ற பெயர் அந்த நாட்டின் தலையில் விழுந்தது. பட்டைக்கு அடியில் துளைத்து முட்டையிடும் ஒரு சிறு வண்டு பூஞ்சையை மரத்துக்கு மரம் சுமந்து செல்லும். பூஞ்சை உள்ளே பரவாமல் தடுக்க மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். கடைசியில் தண்ணீர் ஏறாமல் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். 1960களின் இறுதியில் வட அமெரிக்காவிலிருந்து வந்த மரத்தடிகளோடு இன்னும் வீரியமான பூஞ்சை பிரிட்டனில் இறங்கியது. அங்கே செத்த எல்ம்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு வண்டு மட்டும் காரணமில்லை. ஒரே இன மரங்களை வரிசையாக நெருக்கி நட்டால் மண்ணுக்கடியில் அவற்றின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரு மரத்துக்குள் நுழைந்த பூஞ்சை வேர் வழியாகவே அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, ஆங்கில எல்ம் விதையில் முளைப்பதில்லை, வேர்க்கன்றுகளால் பெருகுவது. ரோமானியர் காலத்திலிருந்து வந்த ஒரே தாய்மரத்தின் பிரதிகள்தான் அவை எல்லாம் என்று 2004-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. கோடிக்கணக்கான மரம் நின்றது உண்மைதான். மரபணுக் கணக்கில் பார்த்தால் அது ஒற்றை மரம்.

அமெரிக்கர்கள் இதிலிருந்து என்ன கற்றார்கள் என்பது அதைவிடச் சுவாரசியம். எல்ம் செத்த இடங்களில் பல நகரங்கள் ஆஷ் மரத்தை நட்டன. வேகமாக வளரும், பனியையும் வறட்சியையும் தாங்கும், விலையும் குறைவு. எந்தக் குறையும் சொல்ல முடியாத மரம் என்பதால் அதையே எங்கும் நட்டார்கள். 2002-ல் டெட்ராய்ட் நகருக்கு அருகே பச்சை உலோகம்போல் மினுங்கும் ஒரு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. கிழக்கு ஆசியாவிலிருந்து, பெரும்பாலும் சரக்குப் பெட்டிகளின் பலகைகளோடு, வந்து சேர்ந்தது. அதன் புழு பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளைந்து வளைந்து குடைந்து உணவுப் பாதையைத் துண்டித்துவிடும். கோடிக்கணக்கில் ஆஷ் மரங்கள் போயின. எல்முக்குப் பதில் வந்தவையே இப்போது எல்மின் கதிக்கு ஆளாயின. இதில் மனிதர்களைப் பற்றிய ஒரு பின்குறிப்பும் உண்டு. ஜெஃப்ரி டோனவன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 15 மாநிலங்களில் 1990 முதல் 2007 வரையிலான இறப்புப் பதிவுகளை அலசி 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வண்டு நுழைந்த மாவட்டங்களில் இதய, ரத்தக்குழாய் நோய்களால் 15,080 பேரும், சுவாச நோய்களால் 6,113 பேரும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்திருந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. மரம் செத்ததால்தான் இவர்கள் செத்தார்கள் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தன என்றுதான் சொல்கிறது. ஆனாலும் நிழல் என்பது வசதி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

எல்மின் அழிவுக்கும் ஆஷின் அழிவுக்கும் இடைப்பட்ட 1990-லேயே ஃபிராங்க் சாண்டமோர் என்ற மரபியலாளர் ஓர் எளிய விதியை எழுதிவைத்திருந்தார். வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். ஒரு நகரத்தில் எந்த ஓர் இனமும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எந்தப் பேரினமும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எந்தத் தாவரக் குடும்பமும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையிலோ திருச்சியிலோ ஏதாவது ஒரு பழைய பூங்காவுக்குள் நுழைந்து பாருங்கள். குல்மொஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி, புங்கை, சரக்கொன்றை, வாகை, மந்தாரை, புளி, ஓரத்தில் தானாக முளைத்த கொடுக்காப்புளி, வேலியை ஒட்டிச் சுபாபுல். பத்துப் பெயர் சொல்லியாயிற்று, பத்துக்கும் பூவும் நிறமும் வேறு. பூங்காவில் பல்வகை மரங்கள் என்று பெயர்ப்பலகை வைத்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். தாவரவியல்படி பத்தும் ஒரே குடும்பம், நம் சமையலறை அவரைக்காய் சேர்ந்த அதே அவரைக் குடும்பம். சந்தேகம் இருந்தால் காயைப் பாருங்கள். குல்மொஹரின் கத்தி போன்ற கருங்காயும், இயல்வாகையின் செம்புநிறத் தகடும், புங்கையின் தடித்த நெற்றும், சரக்கொன்றையின் உருட்டுக்குழலும் ஒரே அச்சின் மாற்று வடிவங்கள்தான். இனத்துக்கான 10 சதவீதத்தை இந்தப் பூங்கா கடந்திருக்காமல் இருக்கலாம். குடும்பத்துக்கான 30 சதவீதத்தை நிச்சயம் எங்கோ விட்டுத் தாண்டியிருக்கும்.

குடும்பத்தைப் பார்த்து இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று ஒரு தாவரவியலாளர் கேட்டால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. பூச்சிகளும் பூஞ்சைகளும் பெரும்பாலும் ஓர் இனத்தையோ பேரினத்தையோதான் குறிவைக்கின்றன. அவரைக் குடும்பம் முழுவதையும் ஒரே மூச்சில் தின்னும் பூச்சி கிடையாது. மறுபக்கம், ஆசிய நெடுங்கொம்பு வண்டு போன்றவை மேப்பிள், வில்லோ, எல்ம் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மரங்களையும் துளைக்கின்றன. ஆகவே சாண்டமோரின் விதி வேதவாக்கு அல்ல, தோராயமான எச்சரிக்கை. ஆனால் நம் பூங்காக்களில் இந்தக் குடும்பம் நிரம்பி வழிவதற்கு வேறொரு காரணமும் விளைவும் இருக்கிறது. நட்ட நான்கைந்து ஆண்டுகளில் தலைக்கு மேல் குடை விரிக்கும், கோடையில் பூத்துக் குலுங்கும், விதை ஏராளமாகக் கிடைக்கும் என்று பார்த்துத்தான் தோட்டத் துறை காலங்காலமாக இவற்றைத் தேர்ந்தெடுத்தது. வேகமாக வளரும் மரத்தின் கட்டை பெரும்பாலும் மென்மையாக இருக்கும். அகலக் குடையும் மென்கிளையும் சேர்ந்தால் காற்றில் முறியும். புளி இதற்கு விதிவிலக்கு. அது நிதானமாக வளர்ந்து நிதானமாக நிற்கும், அதனாலேயே புதிய பூங்காக்களில் அதைக் காண்பது அரிது. இன்னொன்று, இலை உதிரும் காலம். தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் குல்மொஹரும் ஆண்டின் முதல் மாதங்களில் ஏறத்தாழ ஒன்றாகவே இலை கொட்டுகின்றன. குல்மொஹர் மட்டும் வெயில் கடுமையாகும் வரை மொட்டையாக நிற்கும். நடுவே நாலு மகிழமும் ரெண்டு புன்னையும் இருந்திருந்தால் அந்த வாரங்களிலும் பெஞ்சில் நிழல் விழும். இரண்டுமே ஆண்டு முழுக்கப் பச்சை மாறாதவை.

எல்மும் ஆஷும் குளிர்நாட்டுக் கதை, வெப்பநாட்டில் இயற்கையே கலந்துவைத்திருப்பதால் இந்த ஆபத்து இல்லை என்று ஒரு மறுப்பு வருவது வழக்கம். காட்டுக்கு அது பொருந்தும், நட்டு வளர்த்த நகரத்துக்குப் பொருந்தாது. சிங்கப்பூரில் அங்சானா என்றொரு மரம், நம் வேங்கையின் நெருங்கிய உறவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் அங்சானாக்கள் கூட்டம் கூட்டமாக வாடிச் செத்தன. இது மறந்துபோனது. பிற்பாடு பிரதமர் லீ குவான் யூ காலத்தில் நகரைப் பூங்கா நகரமாக்கும் வேகத்தில் அதே மரத்தின் பெரிய கிளைகளைப் போத்தாக வெட்டி நட்டார்கள். சில ஆண்டுகளில் முழு மரம் கிடைத்துவிடும் என்பதால் அதற்கு ‘உடனடி மரம்’ என்றே பெயர். 1980களில் வாடல் நோய் திரும்பி வந்தது. மின்னல் தாக்கிய மரங்களில் புகுந்த பூஞ்சையைத் துளைப்பான் வண்டுகள் பக்கத்து மரங்களுக்குக் கடத்தின. போத்து நட்டு வந்த மரங்கள் எல்லாம் தாயின் அச்சுகள். ஒன்றால் தாங்க முடியாததை இன்னொன்றால் எப்படித் தாங்க முடியும்? பிறகு நோய்தாங்கும் ரகங்களைத் தேடிப் பிரித்தெடுத்து நட வேண்டியிருந்தது. நம் பக்கத்துக்கே வந்தால் கல்யாண முருங்கை இருக்கிறது. பந்தக்காலாக நடுவோம், இலையைப் பறித்துச் சளிக்கு அடை சுடுவோம், மிளகுக் கொடி ஏற்றுவோம். இதையும் போத்து வெட்டித்தான் பெருக்குகிறோம். 2004-ல்தான் அறிவியல் பெயரே சூட்டப்பட்ட, சுமார் ஒன்றரை மில்லிமீட்டரே தேறும் ஒரு குளவி, மறு ஆண்டே கேரளத்தில் தென்பட்டது. தளிரில் முட்டையிடும், இலைக்காம்பும் குருத்தும் கழலை கழலையாக வீங்கிச் சுருண்டு உதிரும். வேலியெல்லாம் கல்யாண முருங்கையாக இருந்த ஊர்களில் அந்த மரம் காணாமலே போனது. அந்தக் குளவிக்குக் கல்யாண முருங்கையின் பேரினத்தைத் தவிர வேறெந்த மரமும் பிடிக்காது. பக்கத்தில் நின்ற பூவரசுக்கு எதுவும் ஆகவில்லை.

லண்டனைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. பெர்க்லி சதுக்கத்தில் 1789-ல் நட்ட பிளேன் மரங்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. லண்டனின் பல சதுக்கங்களில் வேறு மரமே கண்ணில் படாது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே வகை நின்று காட்டிவிட்டதே, இனியென்ன என்பது கேள்வி. நல்ல கேள்விதான். நிலக்கரிப் புகை மண்டிய நகரத்தில் பட்டையைச் செதில் செதிலாக உதிர்த்துத் தன்னைத் தானே கழுவிக்கொண்ட மரம் அது. அதன் வல்லமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே பிளேன் மரத்துக்குத் தென் பிரான்சில் நேர்ந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மிடி கால்வாயின் இருகரையிலும் ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் நிழல் தந்தன. 2006-ல் அங்கே ஒரு பூஞ்சைப் புற்று கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளின் வெடிமருந்துப் பெட்டிகளோடு பிரான்சுக்கு வந்தது என்று கருதப்படும் நோய் அது. பட்டையில் படகு உரசிய காயம், மரம் வெட்டும் கருவி, மண்ணுக்கடியில் ஒட்டிய வேர், எதன் வழியாகவும் பரவும். மருந்தில்லை. பல்லாயிரக்கணக்கில் வெட்டி எரித்தார்கள், வெட்டிய இடத்தில் இப்போது பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். லண்டன் சதுக்கங்கள் இதுவரை பிழைத்திருப்பது அந்த நோய் இன்னும் அங்கே வந்து சேராததால். பிளேன் மரங்களை ஏராளமாக வைத்திருக்கும் பார்சிலோனா, 2017-ல் வகுத்த இருபதாண்டு மரத் திட்டத்தில் எந்த ஓர் இனமும் 15 சதவீதத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளத் தீர்மானித்தது. நோய் வரும்வரை அந்த நகரம் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே அது உடனே நாட்டுமரமா அயல்மரமா என்ற பட்டிமன்றமாகிவிடும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மடகாஸ்கரின் குல்மொஹரும் தென்னமெரிக்காவின் தூங்குமூஞ்சியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டன. வேம்பையும் புங்கையையும் நட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று எழுதாத பத்திரிகை இல்லை. இதில் ஓரளவு உண்மை உண்டு, அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வேம்பை மட்டுமே நட்டால் கிடைப்பது நாட்டுமரங்களின் ஒற்றைத் தோப்பு, அவ்வளவுதான். வேம்புக்கும் நோய் வரும். தெலங்கானாவில் சில ஆண்டுகளாகச் சாலையோர வேம்புகள் மழைக்காலத்துக்குப் பின் நுனியிலிருந்து கருகி, தீயில் வாட்டியதுபோல் நிற்கின்றன. தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சி தளிரில் காயம் செய்ய, அந்தக் காயத்தில் பூஞ்சை புகுகிறது. பெரும்பாலான மரங்கள் மீண்டும் துளிர்த்துவிட்டன என்பது ஆறுதல். ஆனால் வரிசை முழுவதும் வேம்பாக உள்ள ஒரு சாலையில் அந்த மாதங்களில் நிழல் எங்கே? நாட்டுமரத்துக்கு ஆதரவான நல்ல வாதங்கள் வேறு இருக்கின்றன. ஆலும் அரசும் இச்சியும் ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில் பழுப்பதால் குயிலுக்கும் குக்குறுவானுக்கும் ஆண்டின் பெரும்பகுதி பழம் கிடைக்கும். தூங்குமூஞ்சியின் காயால் அவற்றுக்குப் பயனில்லை. இருந்தும், எழுபது ஆண்டு நிற்கும் ஒரு தூங்குமூஞ்சியின் குடைக்கடியில் இருக்கும் குளிர்ச்சியை, பூர்வீகம் சரியில்லை என்பதற்காக வெட்டி எறிவது அறிவீனம். அது தானாக விழும் காலம் வரை நிற்கட்டும்; அதன் இடத்தை எடுக்கப்போகும் மரங்களை இப்போதே பக்கத்தில் நட வேண்டும்.

வர்தாவைப் பற்றிப் பேசும்போது இன்னொரு தரப்பு, எனக்கு மிக நெருக்கமான தரப்பு, வேறொன்று சொல்கிறது. வகையெல்லாம் பிற்பாடு, முதலில் வேருக்கு மண் கொடுங்கள் என்கிறது. நகர மரங்கள் ஏன் சாய்ந்தன என்பதற்கு விழுந்த மரத்தின் அடியே சாட்சி. காட்டில் ஒரு மரம் விழுந்தால் வேர் ஒரு பெரிய தட்டுபோல் மண்ணோடு பெயர்ந்து வரும். நகரத்தில் விழுந்த மரத்துக்கு ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்காக வெட்டப்பட்ட பக்கவேர், மறுபக்கம் கேபிள் பள்ளத்துக்காக வெட்டப்பட்ட பக்கவேர், நடுவே குழியின் சதுர அச்சுக்குள் சுருண்ட வேர்ப்பந்து. மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடி ஆழத்திலேயே, கிளை விரிவையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. அதை அறியாமல்தான் அடிமரம் வரை சிமென்ட் பூசுகிறோம், பேவர் பிளாக் பதிக்கிறோம், சுற்றி ஒரு திண்டு கட்டி உள்ளே இரண்டடி மண்ணைக் கொட்டுகிறோம். திண்டு பார்க்க அழகு, உட்கார வசதி; உள்ளே கழுத்துவரை புதைந்த மரத்தின் பட்டை ஈரத்தில் அழுகத் தொடங்கும். அப்படிப்பட்ட மரத்தை அருகில் போய்ப் பார்த்தால் அதன் நிலைமை தெரியும். உச்சிக் கிளைகளில் இலை மெலிந்து வானம் தெரியும். நுனிகள் காய்ந்து மான்கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் மேலே போய்ச் சேராததால் தண்டின் நடுவிலிருந்து கொத்துக் கொத்தாக இளந்தளிர் வெடிக்கும். துளிர்த்துவிட்டது என்று நாம் மகிழ்ந்துபோவோம். அடியில், திண்டுக்கும் பட்டைக்கும் இடைப்பட்ட இடுக்கில், பழுப்பில் வெள்ளை விளிம்போடு அடுக்கடுக்காகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை அழுகிவிட்டது என்று பொருள். சீரியல் விளக்குக்கு அடித்த ஆணியும் வேலிக்கம்பி அறுத்த தழும்பும் பூஞ்சை நுழைந்த வாசல்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்கு சிமென்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது; அந்த ஒரு மீட்டர்கூட வளர்ந்த மரத்துக்கு யானைப்பசிக்குச் சோளப்பொரிதான்.

மண்ணே முதல் என்ற தரப்போடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றடிக் குழிக்குள் மாட்டிய மரத்தை எந்தக் கலப்பும் காப்பாற்றாது. ஆனால் இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதில் ஒரு பிழை இருக்கிறது. மூச்சுத் திணறும் மண்ணில் எல்லா மரமும் ஒரே மாதிரி திணறுவதில்லை. நீர் தேங்கும் தாழ்ந்த மூலையில் மருதமும் நீர்க்கடம்பும் தாக்குப்பிடிக்கும். உப்புக்காற்று வீசும் கடற்கரைப் பக்கம் புன்னையும் பூவரசும் பழக்கப்பட்டவை. இறுகிய சரளை மேட்டில் வேம்பு நிற்கும். ஒரே பூங்காவுக்குள்ளும் மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே இனத்தைக் கொண்டுவந்து எல்லா மூலையிலும் நட்டால் பாதி மரம் தனக்குப் பொருந்தாத மண்ணில்தான் நிற்கும், பலவீனமான மரத்தைத்தான் பூச்சி முதலில் தேடி வரும். ஆகவே மண்ணைப் பார்த்து நடுபவர் கலப்பில் வந்து முடிப்பார். கலந்து நடக் கிளம்புபவரும் மண்ணைப் பார்க்காமல் தப்ப முடியாது.

வயது இன்னொரு கலப்பு. இதை நாம் அறவே மறந்துவிட்டோம். ஒரே ஆண்டில் நட்ட மரங்கள் ஒரே பத்தாண்டில் கிழடு தட்டும். சென்னை ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா, மெட்ரோ நிலையத்துக்காக 2011-ல் மூடப்பட்டு, மரங்கள் வெட்டப்பட்டு, நிலத்தடியில் நிலையம் கட்டி முடித்தபின் 2023-ல்தான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நடைபாதை, விளையாட்டு மைதானம் எல்லாம் முன்னைவிட நேர்த்தி. மரங்கள் மட்டும் ஒரே வகுப்புப் பிள்ளைகள்போல ஒரே உயரம். நிலையத்தின் கூரைமேல் பரப்பிய மண்ணில் ஆழமாக வேர்விட வழியில்லாததால் பெருமரங்களுக்கு அங்கே இடமும் குறைவு. மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பேருந்தும் ரயிலும் இல்லாத நகரத்தில் மரமும் மிஞ்சாது. ஆனால் வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற ஈட்டுக் கணக்கில் வயதுக்கு இடமே இல்லை என்பதை இந்தப் பூங்கா காட்டுகிறது. ஐம்பதாண்டு மரத்தின் பொந்தில் குடியிருந்த கிளிக்கும் ஆந்தைக்கும் பத்துக் கன்றால் என்ன பயன்? ஒவ்வொரு சதுக்கத்திலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாலைந்து கன்றுகளாவது நட்டுவந்தால் கிழமும் நடுவயதும் இளசும் எப்போதும் கலந்தே இருக்கும். ஒரே விழாவில் ஐந்நூறு நடுவதைவிட இதற்குச் செலவு குறைவு. விழாதான் இல்லை.

பராமரிப்பாளர்களின் மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதை இலேசாகத் தள்ளக் கூடாது. ஒரே வகை மரமென்றால் கவாத்து ஒரே மாதத்தில் முடியும், பணியாளருக்கு ஒரே பயிற்சி போதும், வரிசையும் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும். நாற்பது மரமுள்ள சிறு பூங்காவில் 10 சதவீத விதிப்படி ஒரு வகைக்கு நாலு மரம்தான் வரும். அது பூங்காவா, மரக் கண்காட்சியா என்றும் கேட்கிறார்கள். சரியான கேள்வி. விதியை ஒவ்வொரு திடலுக்கும் தனித்தனியாகப் பொருத்தினால் கேலிக்கூத்தாகும். வார்டுக்கும் மண்டலத்துக்கும் பொருத்த வேண்டும். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. மயிலாப்பூர்க் கோயிலுக்குத் தலமரம் புன்னை, திருவான்மியூருக்கு வன்னி, திருவொற்றியூருக்கு மகிழம். ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மரம், தலத்துக்குத் தலம் வேறு மரம். நோயைக் கணக்கிட்டு யாரும் அப்படி வகுத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் புன்னைக்கு ஒரு கேடு வந்தால் வன்னிக்கு அது எட்டாது. ஒரு பூங்காவின் நடைபாதை ஓரம் முழுக்க மகிழமாக இருக்கட்டும், தெரு தாண்டிய அடுத்த பூங்காவில் அதே இடத்தில் வேறொன்று இருந்தால் போதும். ஒழுங்கு வேண்டுவோர் குடை வடிவிலும் உயரத்திலும் ஒத்த இரண்டு மூன்று இனங்களை மாற்றி மாற்றி நட்டாலும் வரிசை குலையாது. ஒரே வகைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் ஒரு வழி காட்டுகிறது. அங்கே கால்வாய்க் கரைகளில் இன்றும் எல்ம் மரங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஆண்டுதோறும் தேடிப் பார்த்து, நோய் கண்ட மரத்தை உடனே அகற்றி, நோய்தாங்கும் ரகங்களாகவே நட்டு அவற்றைக் காப்பாற்றுகிறார்கள். அந்தச் செலவுக்கும் கண்காணிப்புக்கும் நம் மாநகராட்சிகள் தயார் என்றால் ஒற்றை வகையையே நடலாம்.

எல்லாம் கடைசியில் வந்து முட்டுவது நாற்றுப்பண்ணையில். நடவு டென்டர் ஜூலையில் வந்து செப்டம்பரில் ஆறடிக் கன்று கேட்டால், ஒப்பந்ததாரர் பண்ணையில் தயாராக இருப்பதைத்தான் கொண்டுவந்து இறக்குவார். தயாராக இருப்பது வேகமாக வளர்வது, எளிதில் முளைப்பது. கோனோகார்பஸ் என்ற அயல்மரம் நாடெங்கும் பரவியது இப்படித்தான். வெட்ட வெட்டச் செழிக்கும், மாடு மேயாது, ஒரே ஆண்டில் பச்சைச் சுவர் எழுப்பும் என்று எல்லா நகரமும் வாங்கியது. மகரந்த ஒவ்வாமையும் குழாய்களைத் துளைக்கும் வேரும் பேச்சுக்கு வந்து 2023-ல் குஜராத் அதை நடத் தடை விதித்தது. இலுப்பையும் ஏழிலைப்பாலையும் நறுவிலியும் பன்னீர் மரமும் ஆறடி உயரத்தில் வேண்டுமென்றால் மூன்று ஆண்டுக்கு முன்பே பண்ணைக்குச் சொல்லி, பல தாய்மரங்களிலிருந்து விதை எடுக்கச் செய்ய வேண்டும். அதற்கு முதலில் இப்போது என்ன நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்: எந்தப் பூங்காவில் எந்த மரம், எத்தனை, என்ன பருமன், உச்சி காய்ந்ததா இல்லையா. நாலு பத்திகளுள்ள ஒரு பேரேடு போதும். தாவரவியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள் சில வாரங்களில் ஒரு வார்டை முடித்துவிடுவார்கள். அந்தப் பேரேட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டுக் குடும்பப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த நடவுக்கு எதை வாங்க வேண்டாம் என்பதை அதுவே சொல்லிவிடும்.